சத்தம் கேட்டும் ஓடக்கூடாத அறை

காலை ஆறு நாற்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒற்றைச் செருப்பு. வெளியே நின்ற ஆட்டோவுக்கும் என் வீட்டுப் படிக்கும் நடுவே சிமென்ட் தரையில் இடது கால் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் அதைத் தாண்டி வந்து படியேறிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு, இன்னொன்று வெறுங்கால். அவருக்கு அது தெரியவில்லை.

"அத்தான், செருப்பு" என்றேன்.

குனிந்து காலைப் பார்த்தார். "அட, எப்ப கழண்டுச்சு?" என்று செருப்பையே விசாரிப்பதுபோலக் கேட்டார்.

ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்த அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒரு மாசமா இதே சோலிதான். அன்னைக்கு பஸ்ஸுல ஏறயில ஒன்னக் கீழ விட்டுட்டு ஏறிட்டாக. கண்டக்டர் விசில் அடிச்சு எடுத்துக் குடுக்காரு. இவுகளுக்குச் செருப்புக்குப் பதிலா லாடம் அடிச்சு விட்ரலாம்."

"லாடம் இரும்புல்லா. கம்பெனிக்குள்ள விடமாட்டாக" என்றார் அத்தான்.

அத்தான் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். நான் மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது விருதுநகரில் வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் "சின்னவளே" என்றார். வேலை கிடைத்த பிறகு "பேப்பர்காரி" ஆனேன். அன்றைக்கு அவருக்கு விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேன். என் வீட்டிலிருந்து பக்கம் என்பதாலும், அங்கே ஒட்டியிருப்பதை எல்லாம் நான் வாசித்துச் சொல்வேன் என்பதாலும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். இடுப்பில் தொடங்கிய வலி தொடை வழியாக இறங்கி, இடது பாதம் மரத்துப்போயிருந்தது. நரம்பு எங்கோ நசுங்குகிறது என்றார் உள்ளூர் டாக்டர். முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் மதுரையிலிருந்து வியாழக்கிழமைகளில் மட்டும் வருவார். அவர், "முதலில் படம் வேண்டும். படத்தைப் பார்த்துத்தான் ஆபரேஷனா, உடற்பயிற்சியா என்று சொல்வேன்" என்று சொல்லியிருந்தார். அன்று வியாழக்கிழமை. மாலை நாலு மணிக்குப் படத்தோடு அவர் முன் உட்கார வேண்டும்.

பட்டாசு ஆலையில் ஓட முடியாதவருக்கு வேலை செய்யும் அறைக்குள் இடம் கிடையாது. அறைகளை எல்லாம் எதிரெதிர் வாசல் வைத்துக் கட்டியிருப்பதே அதற்காகத்தான். எங்கே எந்தச் சத்தம் கேட்டாலும் பக்கத்து வாசல் வழியாக வெளியேறி, திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். கணுக்கால் சுளுக்கிய ஒரு பெண்ணை அவரே இரண்டு வாரம் லேபிள் ஒட்ட அனுப்பியிருக்கிறார். இப்போது மேனேஜர் அவரிடமே சொல்லியிருந்தார்: மாத முடிவு வரை இடத்தைக் காலியாக வைத்திருப்பேன், ஆபரேஷன் என்றால் சீசன் ஆர்டருக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கும். அத்தானுக்கு அதில் கோபம் இல்லை. "நான் போட்ட சட்டம்தான. எனக்கு மட்டும் வேற சட்டமா?" என்றார். ஆனால் அன்று காலை நான் கொடுத்த காபியைப் பாதிதான் குடித்தார்.

படம் எடுக்கும் அறைகள் எல்லாம் மருத்துவமனையின் பின்பக்கம் ஒரே நடையில் இருந்தன. காத்திருப்பவர்களிடம் நோயைக் கேட்காமலே, அவர் எந்த அறைக்கு வந்தவர் என்று சொல்லிவிடலாம். எக்ஸ்ரேக்காரர்கள் உட்காரவே மாட்டார்கள். கூப்பிட்டதும் போய், மூச்சைப் பிடித்து விட்டு வந்துவிடுவார்கள். சிடி ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்கள், பக்கத்தில் யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் திரும்பி முறைப்பார்கள். கையில் தண்ணீர் பாட்டிலோடு நடைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பவர்கள் வயிற்று ஸ்கேன்காரர்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் படம் தெளிவாக விழும்.

அப்படி நடந்தவர்களில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா இருந்தார். கடையின் நெடி சேலையிலும் வந்திருந்தது. அவர் பக்கத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் அடுத்திருந்தவர்கள் தும்மினார்கள். அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கவுன்டரில் நின்று கேட்டார்: "ஏம்மா, இன்னும் எம்புட்டு நேரம்? கம்மாய் பெருகிருச்சு. கரை ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல."

இதைப் பார்த்த அக்கா, ஸ்கேன் என்றாலே தண்ணீர்தான் என்று முடிவு செய்து, பையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து அத்தானிடம் நீட்டினாள். "குடிங்க, எல்லாரும் குடிக்காகள்ல." அவரும் அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டார்.

எம்ஆர்ஐ அறையிலிருந்து வெளியே வந்த டெக்னீசியன் பெண் பதறிப்போனார். "அண்ணாச்சி, ஏன் குடிக்கீங்க? அது வயித்து ஸ்கேனுக்கு. உங்களுக்கு அரை மணி நேரம் அசையாமப் படுக்கணும்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா பாட்டிலைப் பார்த்தாள். அத்தான் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார். இடது செருப்பு நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது.

டெக்னீசியனுக்குச் சாத்தூர்ப் பக்கம் ஊர். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் போடும் சிலுவைச் சங்கிலியை வேலை நேரத்தில் கழற்றிக் கைப்பையில் வைத்துவிடுவாராம். வருகிறவர்கள் எல்லாரும் அவரை "சிஸ்டர்" என்றார்கள். "நான் சிஸ்டர் இல்லீங்க, டெக்னீசியன்" என்று திருத்துவார். அவர்கள் "சரிங்க சிஸ்டர்" என்பார்கள்.

அவர் அத்தானை உட்காரவைத்துக் கேள்விகளைத் தொடங்கினார். இதயத்தில் கருவி எதுவும் வைத்திருக்கிறீர்களா? எலும்பில் பிளேட், ஸ்குரூ? காதுக்குள் மெசின்? இதற்கு முன் ஆபரேஷன்? எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில், "கண்ணுல இரும்புத் தூசி எதுவும் விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

"விழாத நாளச் சொல்லுங்க" என்றார் அத்தான்.

சின்ன வயதில் அவர் கம்பி மத்தாப்புப் பிரிவில் இருந்தார். பொறி பறப்பதற்காக அதில் இரும்புத் தூள் சேர்ப்பார்கள். டெக்னீசியன் உள்ளே போய் ரேடியாலஜி டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே. உள்ளே இருப்பது பெரிய காந்தம், ஆள் இல்லாதபோதும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும், கண்ணுக்குள் துளி இரும்பு தங்கியிருந்தாலும் இழுக்கும் என்று விளக்கினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அத்தானுக்கு ஏக மரியாதை வந்துவிட்டது. "பாத்தியா பேப்பர்காரி, கேட்டுக் கேட்டு விடுதாக. இதுதான் கம்பெனி."

நோயாளிக்குத் துணையாக ஒருவர் உள்ளே இருக்கலாம். அக்காவால் தாலிச் சங்கிலியையும் கழற்ற முடியாது, இரண்டு கைகளிலும் இறுகிப்போன வளையல்களையும் கழற்ற முடியாது. அதனால் நான் போவதாக ஆயிற்று. ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார்கள். கைக்கடிகாரம், கம்மல், வளையல், சாவி, செல்போன், ஏடிஎம் கார்டு, சேலையில் குத்தியிருந்த ஊக்குகள், கொண்டையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஹேர்பின்கள். தட்டு நிறைந்தது. அத்தானிடம் தட்டை நீட்டியபோது அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. சட்டையில் பிளாஸ்டிக் பொத்தான். மோதிரம் போட்ட வழக்கமே இல்லை. அரைஞாண் வெறும் கறுப்புக் கயிறு. செல்போனை என் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"உன்னய எங்க கம்பெனி கேட்டுலயே மறிச்சிருவாக" என்றார் என்னிடம்.

"அண்ணாச்சி மாதிரி ஆள் வந்தா எனக்கு வேலையே இல்ல" என்றார் டெக்னீசியன்.

ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு வந்த அத்தான் எம்ஆர்ஐ அறை வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. கதவின் இரண்டு பக்கச் சுவரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"என்ன தேடுதீங்க அண்ணாச்சி?"

"தகடு."

டெக்னீசியனுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். எத்தனையோ வருடமாக ஒரு நாளைக்குப் பலமுறை தொட்ட கை அது. தொடாமல் உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை.

டெக்னீசியன் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்தக் கனத்த கதவை அகலத் திறந்து அதன் விளிம்பைக் காட்டினார். நீளவாக்கில் செம்பு ஓடியிருந்தது. வெளியிலிருந்து ரேடியோ அலைகள் உள்ளே வந்து படத்தைக் கெடுக்காமலிருக்க வைத்த செம்பு. "மெதுவா, ஓரமாத் தொட்டுக்கோங்க." அத்தான் ஒரு விரலால் தொட்டார். உள்ளே போனார்.

உள்ளேயும் கேள்வி முடியவில்லை. அந்த வெள்ளைச் சுரங்கத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தன வாசல்?" என்றார்.

"ரெண்டு பக்கமும் தெறந்துதான் இருக்கு அண்ணாச்சி."

"ஒரு நேரத்துல எத்தன ஆளு?"

"நீங்க ஒரே ஆளுதான். ரெண்டாவது ஆளு நுழைய எடம் ஏது?"

அவருக்குத் திருப்தி. கட்டிலில் படுத்தார். கால்பக்கம் முதலில் உள்ளே போகும், தலை சுரங்கத்தின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். காதுக்கு ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். முடியவில்லை என்றால் அழுத்தினால் போதும், வெளியே எடுத்துவிடுவார்கள். எனக்குக் காதடைப்பான் கொடுத்து மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கதவு மூடியது. டெக்னீசியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் தண்ணீர்ப் பம்பு ஓடுவதுபோல மெல்லிய சத்தம் மட்டும் இருந்தது.

பிறகு மெசின் ஆரம்பித்தது. டட்டட்டட்டட் என்று நெஞ்சில் அறைவதுபோல. நானே நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அத்தான் கட்டிலில் இல்லை. தலைப்பக்கமாக வழுக்கி வெளியே வந்து, ஹெட்போன் ஒரு காதில் தொங்க, கதவை நோக்கி நாலு எட்டு வைத்திருந்தார். இடது கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் பந்து வயரோடு தரையில் கிடந்தது. அதை அழுத்த வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. முக்கியமாக, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் நின்றது. டெக்னீசியன் ஓடிவந்தார். அத்தான் தன் அங்கியையும் கதவையும் பார்த்தார். வெட்கமாகச் சிரித்தார். "நான் ஓடலம்மா. காலு ஓடிருச்சு."

இன்னொரு தடவை படுக்கவைத்தார்கள். முதல் சத்தத்திலேயே முழங்கால் துள்ளியது. கண்ணாடிக்குப் பின்னால் டெக்னீசியன் தலையை ஆட்டினார். எங்களை வெளியே கூப்பிட்டுத் திரையில் காட்டினார்: முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி ஏதோ கலங்கலாக இருந்தது.

"மயக்கம் குடுத்து எடுக்கலாம். ஆனா மயக்க டாக்டர் இன்னைக்கு இல்ல. அடுத்த வாரம் வர்றீங்களா?"

அடுத்த வாரம் என்றால் மாதம் முடிந்துவிடும். அத்தான் நடைக்கு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாம்பிள் கொளுத்தயில மட்டும் கருங்கல்லு கணக்கா நிக்கீக. இங்கன எதுக்கு ஓடுதீக?"

"அது வேற."

"என்ன வேற? அதுவும் சத்தம், இதுவும் சத்தம்."

"அது நான் பத்த வச்சது. எப்ப வெடிக்கும், எம்புட்டு நேரம் வெடிக்கும்னு தெரியும். இது அவுக பத்த வச்சது."

சாம்பிள் என்பது தினமும் சாயங்காலம் நடப்பது. அன்று செய்த ஒவ்வொரு வகையிலும் சிலதை எடுத்து, ஆலைக்குப் பின்னாலுள்ள பொட்டலில் கொளுத்திப் பார்ப்பார்கள். அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வெடிப்பதைப் பார்க்கவே மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். காதால் கேட்டே எது பிந்துகிறது, எது ஊமையாகிறது, எந்த லோடில் திரி சரியில்லை என்று சொல்லிவிடுவார். ஒரு முறை கூடப்போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே அவர் இமைகூட அசையவில்லை.

மறுதேதி எழுதிக் கொடுக்க வந்த டெக்னீசியன் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார். "அப்ப, எந்தச் சத்தம் எப்ப வரும், எம்புட்டு நேரம்னு முன்னாடியே சொல்லிட்டா அசையாம இருப்பீங்களா அண்ணாச்சி?"

"சொல்லிப் பாருங்க" என்றார் அத்தான்.

அடுத்த நோயாளி ஆலங்குளம் பக்கத்திலிருந்து வந்தவர். சுண்ணாம்புக்கல் உடைக்கும் மெசினில் வேலை. முழங்காலுக்குப் படம். டெக்னீசியன் அவரிடம் கேட்டுக்கொண்டு, அத்தானைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். நான் பின்னால் நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் தணிந்து வந்தது. அத்தான் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இது குருவி வெடி. ஒத்த ஒத்தையா விழுது." கொஞ்ச நேரம் கழித்து, "இது சரம். பத்தாயிரம் வாலா கணக்கா. எடைவெளி நல்லா இருக்கு." இன்னொன்று வந்தபோது நிமிர்ந்தார். "இது நம்ம ஐட்டம் இல்ல."

"அப்ப இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?"

"தறி. தறி ஓடுத மாதிரி இருக்கு."

டெக்னீசியன் ஒரு தாளில் மூன்று பெயர்களையும் குறித்துக்கொண்டார். முதுகுக்கு வரிசை வேறு, நேரம் வேறு, ஆனால் சத்தம் பெரும்பாலும் இந்த மூன்றுதான், புதிதாக ஒன்று வந்தால் அதையும் முன்னாடியே சொல்லிவிடுவேன் என்றார். முழங்கால்காரரை வெளியே கொண்டுவந்தபோது அவர் நன்றாகத் தூங்கியிருந்தார். எழுப்ப வேண்டியிருந்தது. "எங்க மெசினுக்கு முன்னாடி இது தாலாட்டும்மா" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே போனார்.

அத்தான் மறுபடியும் கதவு விளிம்பைத் தொட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். நான் மூலை நாற்காலியில். டெக்னீசியனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"அண்ணாச்சி, மொதல்ல குருவி வெடி. ஒரு நிமிசம்தான்."

வந்தது. நான் அவருடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. நகக்கண்களில் அலுமினியப் பவுடரின் வெள்ளிக்கோடு. ஒரு மாதம் வேலைக்குப் போகாமலும் அது போகவில்லை. சத்தம் நின்றது. கை அசையவில்லை.

"அடுத்தது சரம். நாலு நிமிசம். விடாம வரும்."

நாலு நிமிடம் விடாமல் வந்தது. அது முடியும்போது விரல் முட்டிகளில் நிறம் திரும்பியிருந்தது.

"இப்ப தறி, அஞ்சு நிமிசம். கட்டில் லேசா நடுங்கும். பயப்படாதீங்க."

தறி ஓடியது. அது நின்ற பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமான இடைவெளி. டெக்னீசியனின் குரல் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் உதடுகள் அசைவது தெரிந்தது, ஆனால் ஒலிபெருக்கி சும்மா இருந்தது. அதற்குள் மெசின், அதுவரை கேட்காத ஒரு சத்தத்தில், சம்மட்டியால் அடிப்பதுபோல ஆரம்பித்துவிட்டது. நான் எழுந்துவிட்டேன். கட்டிலிலிருந்து அவர் இறங்கினால் பிடிக்க வேண்டும் என்றுதான். அத்தானின் கை பந்தை இறுகப் பிடித்தது. அழுத்தவில்லை. பிறகு மெதுவாகத் தளர்ந்தது. நான் உட்கார்ந்தேன்.

எல்லாம் முடிந்து கட்டில் வெளியே வந்ததும் அத்தான் முதலில் சொன்னது: "ஒன்னச் சொல்லாம விட்டுட்டீகளே."

டெக்னீசியன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மைக் பட்டன அழுத்தாமப் பேசிருக்கேன் அண்ணாச்சி. மன்னிச்சுக்கோங்க. நீங்க எப்படிப் படுத்திருந்தீங்க?"

"ரெண்டு அடி கேட்டேன். எடைவெளி சீரா இருந்துச்சு. சீரா வந்தா மெசின்தான்." அங்கியின் நாடாவைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "நெசமா நடக்கயில எடைவெளி சீரா இருக்காது."

ஆலையில் அவர் ஒரே ஒரு முறை நிஜமாகவே ஓட வேண்டியிருந்தது. பல வருடம் ஆகிறது. அதைப் பற்றி அக்காவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

படம் அச்சாகி வர நேரமாகும் என்றார்கள். நடையின் சுவரில் ஓர் அறிவிப்பு மாட்டியிருந்தது. காலையிலிருந்தே அது என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. "நோயாளிகள் தங்கள் உலோகங்களை ஒப்படைத்துவிட்டுத் தங்களைக் காந்தத்திற்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும். ஒலியினால் அச்சம் கொள்ளலாகாது." நான் அதையே பார்ப்பதைக் கவனித்த அத்தான், டெக்னீசியனிடம், "எங்க கொழுந்தியா பேப்பர்ல இருந்தவ. தப்பு கண்டா சோறு எறங்காது அவளுக்கு. அதத் திருத்தி எழுதச் சொல்லுங்க" என்றார். அவரும் உடனே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டார்.

உட்கார்ந்து எழுதினேன். மெசின் பலமாகச் சத்தம் போடும். நின்று நின்று, வேறு வேறு விதமாக வரும். அது உங்களை ஒன்றும் செய்யாது. அடுத்து என்ன சத்தம், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள், சொல்வோம். அசைந்தால் படம் கலங்கிவிடும், மறுபடி எடுக்க வேண்டிவரும். முடியவில்லை என்றால் கையிலுள்ள பந்தை அழுத்துங்கள், உடனே வெளியே எடுப்போம். உடம்பில் எங்காவது இரும்பு இருந்தால், கண்ணில் எப்போதாவது விழுந்திருந்தால், மறைக்காமல் சொல்லுங்கள்.

வாசித்துக் காட்டினேன். அத்தான் ஒரு திருத்தம் சொன்னார். "ரெண்டு பக்கமும் தெறந்திருக்கும்னு மொதல் வரியில போடு. மனுசனுக்கு அதுதான் வேணும்."

முதல் வரியில் போட்டேன்.

"தண்ணி குடிச்சிட்டு வராதீகன்னும் போடு" என்றாள் அக்கா. "ஏ இவளே, எங்கள மாதிரி ஆளுக்கு அத யாரு சொல்லுவா?" அதைக் கடைசி வரியாகச் சேர்த்தேன். மிளகாய்க் கடை அம்மா அந்த நேரத்தில் தன் அறையிலிருந்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், எங்கும் நிற்காமல் கழிப்பறையை நோக்கிப் போனார்.

நாலு மணிக்கு மதுரை டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். எலும்புகளுக்கு நடுவேயுள்ள தட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. கீழே ஓர் இடத்தில் தட்டு பின்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. "இதுதான் நரம்பைத் தொடுது" என்று பேனாவால் காட்டினார். அத்தானைப் படுக்கவைத்து, இடது கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் கீழே அழுத்தினார். குதிகாலில் நடக்கச் சொன்னார், முன்பாதத்தில் நடக்கச் சொன்னார். மறுபடி படத்தைப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வலித்தது.

"பலம் குறையலை. உணர்ச்சிதான் குறைஞ்சிருக்கு. படமும் மோசமா இல்லை. ஆபரேஷன் இப்போ வேண்டாம். பயிற்சி செய்யணும், பாரம் தூக்கக்கூடாது."

"ஓடலாமாய்யா?" என்றார் அத்தான்.

டாக்டர் பேனாவை மூடினார். "இந்த வயசுல எதுக்கு ஓடணும்? நடந்தாப் போதாதா?"

"போதாதுய்யா" என்ற அத்தான், வேலை என்ன என்று சொன்னார். டாக்டர் பேனாவை மறுபடியும் திறந்தார். அத்தானுக்காகப் பயிற்சிச் சீட்டில் இன்னும் இரண்டு பயிற்சிகளைச் சேர்த்து எழுதி, ஒரு நாளும் விடக்கூடாது என்றார். ஆபரேஷன் தேவையில்லை, சில வாரத்தில் மறுபடி பரிசோதிப்பேன் என்று மேனேஜருக்குக் காட்ட ஒரு சான்றும் கொடுத்தார். மேனேஜர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சரி, அதுவரை பொறுக்கிறேன் என்றாராம்.

அந்த வாரங்களில் அக்கா போனில் சொன்ன செய்தி எல்லாம் பயிற்சியைப் பற்றித்தான். காலையும் மாலையும் பாயை விரித்துப் படுத்துக் காலைத் தூக்குகிறார். குறுக்கே நடந்தால் திட்டுகிறார். "வீட்டுக்குள்ள கப்பல் கவுந்து கெடக்குத மாதிரி இருக்குடி" என்றாள். பிறகு ஒருநாள், பஸ் ஸ்டாண்டு வரை போய்வந்தார், இரண்டு செருப்போடும் திரும்பினார் என்றாள். அதன்பின் டாக்டர் மறுபடி பார்த்து, ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

மேனேஜர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எழுத்து எல்லாம் சரி, எங்க, ஓடிக் காட்டுங்க" என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் தூக்குவாளிகளோடு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் லேபிள் ஒட்டப் போன அந்தப் பெண்ணும் இருந்தாள். "அண்ணாச்சி, திரும்பிப் பாக்காம ஓடுங்க!" என்று அவள்தான் கத்தினாளாம். அத்தான் மருந்துக் கலவை அறை வாசலிலிருந்து கேட் வரை ஓடினார்.

அடுத்த நாள் காலை கம்பெனி வேனில் வேலைக்குப் போனார்.